பதினைந்தாவது வரி

நாற்பது வருட வியாபார அனுபவத்தின் விலை மாதம் ஒன்பது டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம். அமெரிக்காவில் கடையோ கம்பெனியோ நடத்தும் முந்நூற்றுச் சொச்சம் தமிழர்கள் அடிபட்டுக் கற்றதெல்லாம் இந்தத் தொகைக்குப் படிக்கக் கிடைக்கும் என்று எங்கள் ‘கடைவீதி’ இணையக் குழுவில் அறிவிப்பு வந்தது. இவ்வளவு மலிவாக வருகிற சரக்கில் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். இருந்தது. ஓட்டை போட்டவர்களில் நானும் ஒருவன்.

அறிவித்தவன் ஆதர்ஷ். சான் ஹோசேயில் மென்பொருள் வேலை. மனைவியோடு சேர்ந்து இணையத்தில் கொலு பொம்மை விற்கிறான். சென்னைப் பையன், மரியாதையானவன். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால் உலகத்தில் யாருக்கும் கஷ்டம் வராது என்று நம்புகிறவன். குழுவில் ஒரே கேள்வியை வாரம் ஒருவர் கேட்பதும், அதற்கு ஆளுக்கொரு பதில் வருவதும், மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அந்தப் பதில்கள் புதைந்துபோவதும் அவனுக்குத் தாங்கவில்லை. அதனால் ஒரு விக்கி கட்டினான். எல்லாரும் சேர்ந்து எழுதி, எல்லாரும் சேர்ந்து திருத்துகிற பொதுப் புத்தகம். யார் எந்த வரியை எந்தத் தேதியில் எழுதினார், யார் மாற்றினார் என்பதும் அதிலேயே பதிவாகும். எழுதியவரைத் தவிர மூன்று உறுப்பினர்கள் படித்துப் பச்சைக் குறி போட்டால் அது ‘சரிபார்க்கப்பட்டது’. அதுவரை தலையில் ஒரு மஞ்சள் பட்டை நிற்கும்: ‘சரிபார்க்கப்படாதது’.

உணவு இறக்குமதிப் பக்கத்தை நான்தான் எழுத வேண்டும் என்று பிடித்துக்கொண்டான். பிஸ்கட்டவேயில் இருபத்து நான்கு வருடமாக மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். திருமூர்த்தி என்றால் நியூஜெர்சியில் பாதிக் கடைக்காரர்களுக்குத் தெரியும். நீங்கள் சும்மா பேசினால் போதும் அங்கிள், நான் டைப் பண்ணிக்கொள்கிறேன் என்றான். வியாபாரியைச் சும்மா பேசச் சொல்கிறான் பாருங்கள்.

நான் பொள்ளாச்சிக்காரன். அப்பாவுக்கு மாட்டுச் சந்தையில் தரகு. அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். எத்தனை விரலைப் பிடிக்கிறார், எப்படி அழுத்துகிறார் என்பதுதான் விலை. சுற்றி நாற்பது பேர் நின்றாலும் விலை தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரும் அப்போது மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு வியாபாரம் என்றால் அதுதான். மேலே ஒரு பேச்சு, துண்டுக்குக் கீழே ஒரு பேச்சு. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை; துண்டு இருப்பது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறதே.

பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போய் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பக்கத்தை எழுதி முடித்தேன். தொழிற்சாலையைப் பதிவு செய்வதிலிருந்து, லேபிளில் எழுத்து எத்தனை பெரிதாக இருக்க வேண்டும், கப்பல் வருமுன் யாருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது வரை பதினான்கு வரிகள். அடியில் ‘சந்தேகம் இருந்தால் அழைக்கவும்’ என்று போட்டு என் கைபேசி எண். கிடங்குக் கணக்கையெல்லாம் பார்ப்பது என் மனைவி சாந்தாமணி. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள்.

“ஏனுங்க, பதினஞ்சாவது எங்க?”

“அதுக்குத்தான் அடியில போன் நம்பர் போட்டிருக்குதல்ல.”

அவள் கவுந்தப்பாடியில் வெல்ல மண்டி வைத்திருந்தவர் மகள், மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை.

பதினைந்தாவது வரி இதுதான். ஊறுகாய், தொக்கு மாதிரி புளிப்பேற்றி ஜாடியில் அடைத்து மூடுகிற எதுவானாலும், தொழிற்சாலையைப் பதிவு செய்தால் மட்டும் போதாது. எத்தனை சூட்டில், எத்தனை நிமிடம், எவ்வளவு புளிப்பில் தயாரிக்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒவ்வொரு ஜாடி அளவுக்கும் தனியாகப் பதிந்து எண் வாங்க வேண்டும். சரக்கு கப்பல் ஏறும் முன்பே அந்த எண் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். இரண்டாயிரத்து ஏழில் ஒரு முழு கன்டெய்னர் எலுமிச்சை ஊறுகாயைக் குப்பைக்குக் கொடுத்து நான் கற்றுக்கொண்ட வரி. அப்போதே இது தெரிந்த ஒருவர் பக்கத்து ஊரான எடிசனில் இருந்தார். வாரத்துக்கு ஒரு தடவை என்னோடு காப்பி குடித்தார். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

‘சந்தேகம் இருந்தால் அழைக்கவும்’ என்பது எங்கள் ஆட்களுக்குத் துண்டை விரித்துக் காட்டுகிற மாதிரி. உள்ளே இன்னும் இருக்கிறது, கையை நீட்டு என்று அர்த்தம். கூப்பிடுவார்கள். நலம் விசாரிப்பார்கள். பேச்சுவாக்கில் அவர்கள் மிளகாய் யாரிடம் எடுக்கிறார்கள், எந்த ஊரில் அடுத்த கடை திறக்கப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரிய வரும். பேச்சுவாக்கில் பதினைந்தாவது வரி அவர்களுக்குத் தெரிய வரும். எட்டு மாதத்தில் பதினொரு பேர் கூப்பிட்டார்கள். பதினொரு பேருக்கும் சொன்னேன். ஒருவர் சரக்கும் நிற்கவில்லை.

பச்சைக் குறியா? ஒரே வாரத்தில் இருபத்து மூன்று. ஃப்ரீமாண்டில் பாத்திரம் இறக்குமதி செய்கிற நெடுஞ்செழியன்தான் முதல் குறி. அவருடைய பித்தளைப் பக்கத்தில் எந்த வரி குறைகிறது என்று எனக்குத் தெரியும். அதற்கும் நான் குறி போட்டிருந்தேன். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறோம். போன தடவை அவர் நமக்கு எழுதினாரா என்று பார்த்து எழுதுவோமே தவிர, பந்தியில் உப்பு சரியாக இருந்ததா என்று பார்த்தா எழுதுகிறோம்?

பிப்ரவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கிடங்கில் துவரம்பருப்பு இறக்கிக்கொண்டிருந்தபோது டெக்சாஸ் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ரவுண்ட் ராக்கிலிருந்து யாமினி என்றாள். குழுவில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது, இதுவரை எதுவும் எழுதியதில்லை என்று கூச்சப்பட்டாள். ஒரு பெரிய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் பத்து வருடம் தரச் சோதனை செய்துகொண்டிருந்தவள். போன வருடம் வேலை போய்விட்டது. கணவன் கதிருக்கு வேலை இருக்கிறது. இவளுடைய அக்கா கண்மணி பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆனைமலையில் பதினான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தொக்கு போடுகிறாள். முதல் ஏற்றுமதிக்காகப் பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டு வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார்கள். சின்ன வெங்காயத் தொக்கும் நார்த்தங்காய் ஊறுகாயுமாக நாலாயிரத்து இருநூறு ஜாடிகள் ஹூஸ்டன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அவள் நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள்.

“உங்க பேஜ் இல்லீனா நாங்க ஆரம்பிச்சே இருக்க மாட்டோங்ணா. பதினாலு ஸ்டெப்பையும் பிரின்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டி, ஒவ்வொண்ணா டிக் பண்ணினேன்.”

பிறகு, ஒரு சின்ன விஷயம், நேற்று ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது, என்னவென்று புரியவில்லை என்று சொல்லி அதை வாசித்தாள். மூன்றாவது வார்த்தையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த துவரம்பருப்பு ரசீதில் எதற்கோ கையெழுத்துப் போட்டேன்.

பாக்கலாம் அம்மிணி, பேப்பரை அனுப்புங்க என்றேன். எங்கள் ஊரில் ‘பாக்கலாம்’ என்பது முடியாது என்பதற்கு மரியாதையான சொல். அவளும் அதே பக்கத்துக்காரிதான். ஆனால் பத்து வருடம் வேறு மாதிரி ஆட்களோடு வேலை செய்துவிட்டாள். பார்க்கலாம் என்றால் பார்ப்பார்கள் என்றே எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை நன்றி சொன்னாள்.

அன்றைக்கே ஆரம்பித்தேன். நோட்டீஸுக்குப் பதில் கொடுக்க இருந்தது பத்து வேலை நாள். இருபது வருடமாக எனக்குச் சுங்க வேலை பார்க்கிற ஏஜென்டைக் கூப்பிட்டேன். நோட்டீஸைப் படித்துவிட்டு, உனக்குத் தெரியாததா திரு என்றார். தயாரிப்பு முறையைச் சோதித்துச் சான்று கொடுக்கும் நிபுணர் ஒருவரைப் பிடித்தேன். பன்னிரண்டு வாரம் ஆகும் என்றார். கெஞ்சிப் பத்து வாரத்துக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் அவர் ஒன்று கேட்டார். ஒவ்வொரு தடவை அடுப்பிலிருந்து இறக்கும்போதும் எத்தனை சூடு, எவ்வளவு புளிப்பு என்று அளந்து எழுதிய குறிப்பு இருக்கிறதா? தயாரித்த அன்றைக்கே எழுதியதாக இருக்க வேண்டும். கண்மணியிடம் அந்தக் குறிப்பு இல்லை. எழுத வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் எனக்குத் தோன்றியது. அதன் அடியில் இறக்குமதியாளர் என்று கையெழுத்துப் போட வேண்டியவள் யாமினி என்பது அடுத்த நிமிடம் ஞாபகத்துக்கு வந்தது.

ஹூஸ்டனில் அந்தக் கோப்பைப் பார்க்கிற அதிகாரியம்மாளிடமும், யாமினியையும் லைனில் வைத்துக்கொண்டு பேசினேன். மிக மரியாதையாகப் பேசினார். பதிவு எண் இல்லாமல் விட முடியாது என்றார். பெண்கள் குழு என்றேன், முதல் சரக்கு என்றேன், பாதியையாவது என்றேன். ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம், அதே இனிமை. கடைசியில் இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக இருக்கட்டும் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். நான் ஆறு வயதிலிருந்து பேரம் பார்த்தவன். கல் நெஞ்சுக்காரனோடு பேசியிருக்கிறேன், காது கேட்காதவரோடு பேசியிருக்கிறேன். துண்டுக்கு அடியில் கையே இல்லாத இடத்தில் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு வேலையும் செய்தேன். சொல்லிவிடுகிறேன். ஆதர்ஷைக் கூப்பிட்டு, விக்கியில் பழைய தேதியில் ஒரு வரி சேர்க்க முடியுமா, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று கேட்டேன். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

“ஹிஸ்டரிய யாராலயும் டச் பண்ண முடியாது அங்கிள். என்னாலயே முடியாது. அதான் அங்கிள் இதோட பாயின்டே.”

எட்டாவது நாள், சனிக்கிழமை காலை, யாமினி வீடியோவில் அழைத்தாள். எங்களுக்குக் காலை, ஆனைமலையில் சாயங்காலம். கண்மணியையும் சேர்த்திருந்தாள். எத்தனையோ பேரிடம் பேசி உதவி செய்கிறாரே, அந்த அண்ணனை ஒரு தடவை பார்த்துப் பேச வேண்டும் என்று அக்கா கேட்டாளாம். கண்மணிக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் வேர்வை, தலையில் வலைத் தொப்பி. அவளுக்குப் பின்னால் தரையில் வட்டமாக உட்கார்ந்து பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்து எழுந்து கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

“அண்ணா, சின்ன வெங்காயம் இப்ப வெல கம்மியா கெடக்குதுங்க,” என்றாள் கண்மணி. “அடுத்த லோடுக்கு வாங்கிப் போட்டர்றதுங்களா?”

வாங்கச் சொன்னால் இன்னொரு கடன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். மழையைப் பற்றி ஏதாவது பேசலாமா என்றுகூட நினைத்தேன்.

“யாமினி, அந்தப் பக்கத்துல ஒரு வரி நான் எழுதலீங்க,” என்றேன். அந்த வரி என்ன என்பதையும் சொன்னேன். அவள் பத்து வருடம் தவறுகளைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள். எந்த வரிக்கும் எந்த வரிக்கும் நடுவில் இது வந்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் பொருத்திப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

“எழுத மறந்துட்டீங்களாங்ணா?”

வழி விட்டாள். நம்மைவிட முப்பது வயது சின்னவள், இறங்கிப் போக ஒரு படி போட்டுக் கொடுக்கிறாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு சாந்தாமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மறக்கலை. தெரிஞ்சேதான் விட்டேன். வேணுங்கறவங்க போன் பண்ணிக் கேப்பாங்கன்னு.”

“அதுக்குத்தான் சந்தேகம் இருந்தா அழைக்கவும்னு போட்டிருந்தீங்களா?”

“ஆமாங்க.”

“எனக்குச் சந்தேகமே வரலீங்ணா. அவ்வளவு தெளிவா எழுதியிருந்தீங்க.”

குத்திச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவள் வேலை பார்த்த இடத்தில் எழுதி வைத்ததில் இல்லாதது உலகத்திலேயே இல்லை. எங்கள் இடத்தில் எழுதாமல் விட்டதுதான் சரக்கு. இரண்டு பேரும் ஒரே பக்கத்தைப் படித்திருக்கிறோம்.

கண்மணிக்குக் குரல் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவள் இப்போதுதான் கேட்டாள்.

“அப்ப வெங்காயம் வேண்டாங்களா?”

பின்னால் பெண்கள் உரித்துக்கொண்டே இருந்தார்கள்.

மார்ச் முதல் வாரம் மறுப்புக் கடிதம் வந்தது. தொண்ணூறு நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். திருப்பி அனுப்பும் செலவு சரக்கு விலையைத் தாண்டியது. நஷ்டத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று யாமினிக்குச் சொன்னேன். வேண்டாங்ணா, நாங்க பாத்துக்கறோம் என்றாள். இரண்டாம் தடவை தொகையை ஏற்றிச் சொன்னேன். அதே குரலில் அதே வேண்டாங்ணா. அந்த ஹூஸ்டன் அதிகாரியம்மாள் ஞாபகம்தான் வந்தது. வாங்கிக்கொண்டால் எனக்குக் கணக்கு முடிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ. கதிரிடமும் பேசினேன். அவன், அவ முடிவுதான் அங்கிள் என்று முடித்துவிட்டான். அண்ணன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஏப்ரலில் அழித்தார்கள். பக்கத்தில் நிற்க யாமினி அனுமதி கேட்டிருக்கிறாள், கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் சுற்றிய அட்டைப்பெட்டி அடுக்கு ஒன்றின் படம் எனக்கு வந்தது. கீழே ஒரு வார்த்தைகூட இல்லை. பெட்டிமேல் கண்மணியின் லேபிள். விக்கிப் பக்கத்தில் நான் சொன்ன அளவிலேயே எழுத்துகள்.

அடுத்த திங்கட்கிழமை விக்கியிலிருந்து தானாக ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கிறது, சேர்த்தவர் யாமினி. திறந்து பார்த்தேன். பதினைந்தாவது வரி. எந்தப் பண்டத்துக்கு வேண்டும், எந்தப் பண்டத்துக்கு வேண்டாம். யாரிடம் சோதிப்பது, எத்தனை வாரம், எவ்வளவு கட்டணம். ஒவ்வொரு அடுப்புக்கும் என்ன குறிப்பு எழுத வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரித் தாள். சரக்கு ஏற்றுவதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்கவும் என்ற எச்சரிக்கை. பதினெட்டு வருடமாக என்னிடம் இருந்த வரியைவிட நல்ல வரி. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடியில் என் கைபேசி எண்ணைக்கூட அவள் எடுக்கவில்லை.

புது வரி என்பதால் அதன் தலையில் மஞ்சள் பட்டை: சரிபார்க்கப்படாதது. நான் உடனே ஒரு பச்சைக் குறி போட்டேன். இன்னும் இரண்டு வேண்டும். இது ஒரு பெரிய காரியமா என்று நெடுஞ்செழியனைக் கூப்பிட்டேன்.

“உங்க பக்கம்னா கண்ண மூடிட்டுப் போட்டிருவேன் மூர்த்தி. இது யாரோ புதுசா எழுதினது. நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் போடணும்.”

விக்கி தொடங்கிய நாளிலிருந்து அவர் எதையாவது படித்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இன்னும் படிக்கவில்லை. டாலஸ் பக்கம் ஊறுகாய் விற்கிற ஒருவர் நேராகவே சொன்னார்: இதற்குப் பச்சைக் குறி போட்டுவிட்டால் அப்புறம் எங்களை யார் கூப்பிடுவார்கள்? நிர்வாகி குறி போடக்கூடாது என்பது ஆதர்ஷ் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. வருத்தப்பட்டான், விதியை மீறவில்லை. கடைசியில் குழுவிலேயே நடந்ததை முழுதாக எழுதினேன். நான் செய்ததை எழுதினேன், நாம் எல்லாரும் செய்கிறோம் என்றும் எழுதினேன். நாற்பத்தொரு பேர் கைகூப்பிய படம் அனுப்பினார்கள். இரண்டு பேர் தனியாக அழைத்து, அந்தச் சோதனை நிபுணர் கட்டணத்தில் எவ்வளவு குறைப்பார் என்று விசாரித்தார்கள். மறுநாள் காலை வணக்கப் படங்கள் வந்தன.

யாமினிக்கு விக்கியில் சொந்தப் பக்கம் கிடையாது. யாருக்கும் அவள் குறி போட்டதில்லை. அவளுக்குத் திருப்பி எழுத வேண்டிய மொய் யாருக்கும் இல்லை. ஆனைமலையில் இப்போது உள்ளூர்க் கடைகளுக்குத்தான் தொக்கு போகிறது என்று கேள்விப்பட்டேன். பதினான்கு பேரில் ஒன்பது பேர் வருகிறார்கள்.

இன்று காலை கிடங்குக் கணக்கோடு சேர்த்து சாந்தாமணி இதையும் பார்த்துச் சொன்னாள். நான் எழுதிய பதினான்கு வரிக்குப் பச்சைக் குறி இருபத்து மூன்று. யாமினி எழுதிய ஒரு வரிக்கு ஒன்று, அதுவும் என்னுடையது. வேண்டியது மூன்று. நிலுவை இரண்டு.